சகனில் சொன்ன வார்த்தை

பதுளை, கடைவீதி.
1924 செப்டெம்பர், சபர் மாதம்.

அல்லாஹ்வின் அருளை நாடி, சிங்கப்பூரில் இருக்கும் அருமை மகன் வாஹிதுக்கு உம்மா எழுதும் கடதாசி. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் மூத்த மகன், உன் நானா ஹுமைதும் மதினி நளீராவும் பேத்தி ஜெனீராவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி இருக்கிற உனக்கும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கையேந்துகிறேன். நீ அனுப்பிய குடை வந்து சேர்ந்தது. கறுப்புச் சீலை நல்ல கெட்டி, மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன், சாயம் இறங்கவில்லை. துணிக்கடைக்காரன் வீட்டில் வாழ்ந்தவள் மகன் அனுப்பிய பொருளையும் நனைத்துத்தான் பார்ப்பாள், நீ கோபப்படாதே. மழை இந்த முறை முந்திக்கொண்டது, மடுல்சீமைப் பாதை சேறாகி நம்முடைய வண்டிக்காரர் பலீல் தேயிலைத் தோட்டத்துக்குச் சீலை கொண்டுபோய் வருவதற்குள் மாடுகள் இரண்டும் எலும்பாகிவிடுகின்றன. உனக்கு அங்கே சூடு அதிகம் என்று எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் வை, கண்ட கடையில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

நானாவுக்கு என்ன நடந்தது, வோட்டு வோட்டு என்று கடதாசி நிறைய எழுதுகிறாரே என்று நீ கேட்டிருந்தாய். அதைத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாக வாசி. சட்டநிரூபண சபைக்கு நம்முடைய சனங்களும் ஆள் தெரிவு செய்து அனுப்பலாம் என்று வந்திருக்கிறதல்லவா, அதற்குக் கொழும்பில் வழக்குப் பேசுகிற ஸரூக் என்ற அப்புக்காத்து ஒருவர் நிற்கிறார். அன்றிலிருந்து உன் நானா நானாவாக இல்லை. கடை திறக்கிறவன் முதலில் அளவுகோலை எடுப்பதில்லை, அவருடைய நோட்டீசை எடுக்கிறான். முகம் பார்க்கிற கண்ணாடியில் அவர் படத்தை ஒட்டிவிட்டான், சீலையைத் தோளில் போட்டுப் பார்க்க வருகிற பெண்களுக்கு அந்த அப்புக்காத்தின் மீசைதான் தெரிகிறது. வோட்டு இல்லாத ஆட்களையும் விடுவதில்லை. மடுல்சீமையிலிருந்து சம்பள நாளில் கொழுந்தெடுக்கிற பெண்கள் வந்தார்கள், அவர்களை நிறுத்திவைத்து ரோட்டு வரும், பள்ளிக்கூடம் வரும், காலம் மாறும் என்று பிரசங்கம் செய்தான். அதில் பெரியாயி என்று ஒருத்தி, வாய்க்காரி, "ஏங்க மொதலாளி, அவருக்கு நீங்க சீட்டுப் போட்டா இந்தச் சேலை வெல கொறையுமா?" என்று கேட்டாள். கடை முழுக்கச் சிரிப்பு. உன் நானாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, "இதெல்லாம் உங்களுக்கு இப்ப வெளங்காது" என்றான். அதற்கு அவள், "வெளங்காட்டியும் பரவால்ல, சேலையக் கொஞ்சம் வெளங்குற மாதிரி வெளிச்சத்துல காட்டுங்க" என்றாளே பார், எனக்கு உள்ளே இருந்து கேட்டபோது அவளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும் போல இருந்தது.

எனக்கு அந்த அப்புக்காத்து மேல் ஆரம்பம் முதலே நம்பிக்கை இல்லை, இப்போதும் முழுக்க இல்லை. ஏன் என்று சொல்கிறேன். அவர் முதல்முறை வந்தபோது கதிரை போட்டும் உட்காராமல் சீலைப் பொதியின் மேல் உட்கார்ந்து, "ஹுமைத் நானா, உங்கட யோசனை என்ன, சொல்லுங்க" என்று கேட்டாராம். உன் நானா அதை என்னிடம் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. கச்சேரியில் அரசாங்க ஏஜண்டுத் துரையைப் பார்க்கப் போனால் குடையை மடக்கி வெளியே வைத்துவிட்டுத் தூணோடு தூணாக நிற்கவேண்டும், உள்ளே கூப்பிட்டாலும் கேட்டதற்குப் பதில் சொல்லலாமே தவிர வேறு பேச்சு இல்லை. உன் வாப்பாவும் அப்படித்தான் நின்றார், அவருக்குப் பின் இவன் நின்றான். தாடி நரைக்கத் தொடங்கிய பிறகு முதல்தடவையாக ஒரு கோட்டுப் போட்ட மனிதர் இவனுடைய யோசனை என்ன என்று கேட்டிருக்கிறார். "உம்மா, என்னையும் ஒரு ஆளா எண்ணிக் கேட்டாரும்மா" என்றான். அந்த ஒரு கேள்விக்காக இவன் சந்தோஷத்தில் துள்ளுகிறான் என்று எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் பயமும் வந்தது. நம்முடைய கடையில் நாமும் அதைத்தானே செய்கிறோம். வருகிறவளை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, உங்களுக்கு என்ன விருப்பம் என்று கேட்டபிறகுதானே தேங்கிப்போன சீலையை விரிக்கிறோம். விற்கத் தெரிந்தவன் வீட்டுக்கே வந்து ஒருவர் விற்றுவிட்டுப் போகிறாரே என்று நினைத்தேன். உன் நானாவிடம் சொன்னேன். "உங்களுக்கு ஊர்ல எல்லார்லயும் சந்தேகம்" என்று ஏசிவிட்டுப் போனான்.

எழுத வாசிக்கத் தெரிந்து, சொத்தோ வருமானமோ இருக்கிறவர்களுக்குத்தான் வோட்டாம். ஐந்தாம் வகுப்புவரை படித்து, இந்தத் தெருப் பெண்கள் எல்லோருக்கும் கடதாசி எழுதிக் கொடுக்கிறவள் நான். உன் நானா எழுதுகிற கடதாசியிலும் பிழை பார்த்துக் கொடுப்பது நான்தான், உனக்கே தெரியும். ஆனாலும் பெண்களுக்கு இல்லையாம். சரி, போகட்டும், அதைப் பற்றி நான் பெரிதாகப் பேசவில்லை. என் மனதை அறுத்தது வேறு. அந்த அப்புக்காத்து போகிற ஊரெல்லாம் பேசுவது, நம்முடைய பெண்பிள்ளைகள் படிக்கவேண்டும், பாதியில் நிறுத்தக்கூடாது என்பதைத்தான். உன் நானாவும் அதையே கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிகிறான். ஆனால் தன் மகள் ஜெனீராவை ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நிறுத்திவிட்டான். பிள்ளை வளர்ந்துவிட்டாளாம், இனித் தெருவால் போகக்கூடாதாம். இது உனக்குத் தெரியாது, உனக்கு எழுதவேண்டாம் என்று சொல்லியிருந்தான். நான் கேட்டேன், மகன், வெளியே ஒன்று பேசுகிறாய், வீட்டில் ஒன்று செய்கிறாயே என்று. "உம்மா, அது ஊருக்குச் சொல்றது. ஊர் முழுக்க அனுப்பினா நானும் அனுப்புவன்" என்றான். ஊரில் ஒவ்வொருவனும் இப்படியே மற்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எவன் மகள் முதலில் படியேறுவாள், சொல்லு.

பிள்ளை அழவில்லை வாஹித். அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். சீலை சுற்றிவருகிற பழைய பத்திரிகைத் துண்டுகளை நீவி எடுத்துவைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நான் அரிசி புடைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மூத்தம்மா, ஆறாம் வகுப்புப் புத்தகத்துல என்ன இருக்கும்?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும், நான் அந்தப் புத்தகத்தைக் கண்டதே இல்லையே. ஏதாவது சொல்லிவைக்கலாம் என்று பார்த்தேன், பொய் சொல்ல மனம் வரவில்லை. தெரியாது மகள் என்றேன். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

போன கிழமை அந்த அப்புக்காத்து மறுபடி வந்தார். இந்த வருஷம்தானே ரயில் பதுளை வரைக்கும் வந்தது, ஸ்டேஷனில் இறங்கியவரை உன் நானா மாலையும் கையுமாகப் போய் அழைத்துவந்தான். மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில். நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் கத்தரிக்காயும் ஆக்கினோம், எல்லோருக்கும் ஒரே தட்டாகச் சகன் வைத்தோம். சீமைப்பீங்கானும் கரண்டியும் வைக்கலாம், கொழும்பு ஆள் என்று நளீரா சொன்னாள், நான் விடவில்லை. ஒரே தட்டைச் சுற்றி உட்காரும்போது ஒரு மனிதனின் கை எப்படிப் போகிறது என்று பார்த்தால் போதும், மிச்சம் தெரிந்துவிடும். உன் வாப்பா பெரிய வியாபாரம் எதையும் சகனில் உட்கார்ந்துதான் பேசி முடிப்பார், அங்கே சொன்ன சொல்லைப் பிறகு நட்டம் வந்தாலும் மாற்றியதில்லை, அது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கை கழுவப் படிக்கம் எடுக்க வந்த உன் நானாவிடம், வண்டிக்காரர் பலீலையும் அந்த அப்புக்காத்துப் பக்கத்தில் உட்காரவை என்று நான் சொல்லி அனுப்பினேன். வேண்டுமென்றுதான். பலீலுக்கு வோட்டுக் கிடையாது, கால் முழுக்க மடுல்சீமைச் சேறு. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்புக்காத்து கோட்டைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டார், தன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்தார், நல்ல இறைச்சித் துண்டொன்றைப் பலீல் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று தலை நிமிர்ந்தார். அந்த நிமிர்ந்த தலையைக் கண்டதும் எனக்குப் பழைய சந்தேகம் திரும்பி வந்துவிட்டது.

மூலையை நனைத்துப் பார்க்காமல் விடுவேனா. திரைக்குப் பின்னாலிருந்தே கேட்டேன், தம்பி, ஊர்ப் பெண்பிள்ளைகளைப் படிக்கவைக்கச் சொல்கிறீர்களே, உங்களுக்குப் பெண்பிள்ளை இருக்கிறாளா என்று. நளீரா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவர், "ஒரு மகள் இருக்கா உம்மா, ஏழாம் வகுப்புல படிக்கிறா" என்றார். சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே, "நிப்பாட்டச் சொல்லி வீட்டுல பெரிய சண்டை. என்ட உம்மா இன்னும் என்னோட முகம் பார்த்துப் பேசுறதில்ல" என்றார். அதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்தி யாரையும் பார்க்கவில்லை. சோற்றைத்தான் பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பி, "அது சரி, ஹுமைத் நானாட மகள் எங்க படிக்கிறா?" என்று கேட்டாரே பார். உன் நானாவின் கை சோற்றிலேயே நின்றது. பலீல் முதற்கொண்டு எல்லோரும் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள். "இங்கதான், மேல இருக்கிற பொம்பிளப் பிள்ளைகள்ட பள்ளிக்கூடத்துல… ஆறாம் வகுப்பு" என்றான். சகனில் கை வைத்துக்கொண்டு சொன்னான் வாஹித். பலீலுக்குப் புரையேறிவிட்டது. திரைக்கு இந்தப் பக்கம் ஜெனீரா தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள், அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னால் எழுதிக் காட்ட முடியாது. அப்புக்காத்து மாஷா அல்லாஹ் என்று சந்தோஷப்பட்டு, அதோடு விட்டாரா, பின்னேரம் கடைவீதிக் கூட்டத்தில் எழும்பி நின்று, "பதுளையில பெரிய ஆட்கள் எல்லாம் யோசிச்சுக்கொண்டிருக்க, ஹுமைத் நானா மகளை ஆறாம் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். சனங்கள் கைதட்டினார்களாம்.

மறுநாள் காலையில் உன் நானா கடைக்குப் போகாமல் கால்நகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் ஏசவில்லை. வாப்பா இருந்தால் இந்தச் சொல்லை என்ன செய்திருப்பார் என்று மட்டும் கேட்டேன். நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, நீ அனுப்பிய குடையை எடுத்துக்கொண்டு, ஜெனீராவைக் கையில் பிடித்தபடி வெளிக்கிட்டேன். பின்னால் அவன் எழும்பி வரும் சத்தம் கேட்டது, தடுக்கத்தான் வருகிறான் என்று நினைத்து நான் நடையைக் கூட்டினேன். அவன் என்னைத் தாண்டிப் போய்த் தெருவில் பலீலைக் கூப்பிட்டு, "வண்டியில திரையக் கட்டு. மழை வரப்போகுது, புள்ள நனையக்கூடாது" என்றான். மழையெல்லாம் வரவில்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. நான் பிள்ளையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். பலீல்தான் சும்மா இருக்கமாட்டாமல், "நேத்துச் சாப்பாட்டுல ஆறாம் வகுப்பு, இண்டைக்குத்தான் பள்ளிக்கூடமா மொதலாளி?" என்றார். "நீ மாட்டப் பார்த்து ஓட்டு" என்று உன் நானா ஏசினான், ஏசும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையைச் சேர்த்துவிட்டேன். இன்றைக்கும் திரை கட்டின வண்டியில்தான் போனாள், நாளைக்கும் போவாள், இன்ஷா அல்லாஹ்.

வருகிற கிழமை வோட்டு. உன் நானா கோட்டைத் துவைத்து மடித்துவைத்திருக்கிறான், போடட்டும், நான் தடுக்கமாட்டேன். ஆனால் உனக்கு மட்டும் சொல்கிறேன், அந்த அப்புக்காத்தை நான் இன்னும் நம்பி முடிக்கவில்லை. வென்றபிறகு நம்முடைய கடைப் பொதியின் மேல் வந்து உட்காருகிறாரா என்று பார்க்கவேண்டும், மடுல்சீமை ரோட்டில் பலீலின் மாடு சேறில்லாமல் நடக்கிறதா என்று பார்க்கவேண்டும். உங்களுக்கு வோட்டு இருந்தால் அவருக்குப் போடுவீர்களா மூத்தம்மா என்று ஜெனீரா கேட்டாள். முதலில் அவருடைய மகளை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். உன்னோடு வேலை செய்கிறவர்களில் கொழும்பு ஆட்கள் இருப்பார்கள், அப்படி ஒரு பிள்ளை உண்மையாகவே ஏழாம் வகுப்பில் இருக்கிறாளா என்று மெதுவாக விசாரித்து எழுது.

இன்னொரு காரியம், இதை மறக்காதே. இந்தக் கடதாசி கிடைத்ததும் நானாவுக்குத் தனியாக ஒரு கடதாசி எழுது. ஜெனீராவை ஆறாம் வகுப்புக்கு அனுப்பியிருப்பதைக் கேள்விப்பட்டேன், சிங்கப்பூரில் நம்முடைய ஆட்கள் எல்லோரும் நானாவைப் புகழ்கிறார்கள் என்று கொஞ்சம் கூட்டியே எழுது. நான் சொன்னேன் என்று எழுதாதே. அவன் அதைக் கடையில் வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவான், காட்டினபிறகு பிள்ளையை நிறுத்த அவனுக்கு வாய் வராது. அவன் மனதில் இப்போது இருக்கிற சந்தோஷத்தையும் நான் அவ்வளவாக நம்பவில்லை, வோட்டு முடிந்தால் சூடு ஆறத் தொடங்கும், முழுக்க ஆறுவதற்கு முன் உன் கடதாசி வந்து சேரவேண்டும்.

நீ நீண்ட ஆயுளோடும் பிழைப்புக்குக் குறைவில்லாத ரிஸ்க்கோடும் ஈமானோடும் இருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக. நானாவும் மதினியும் சலாம் சொன்னார்கள். ஜெனீரா பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பக்கத்தில்தான் இருக்கிறாள், அவளுடைய சலாமும். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் முதல் பாடம் கடலைப் பற்றியதாம், கடல் தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது என்று இருக்கிறதாம். எனக்கு வாசித்துக் காட்டினாள். நீ அந்தக் கடலைத் தாண்டித்தானே போனாய், உனக்கு முன்னமே தெரிந்திருக்கும், எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்படிக்கு,
உன் உம்மா
நூருல் இனாயா