நீங்கள் அடைத்த ஓட்டை

அப்பா,

காலையில் பீரோவைத் திறந்தபோது மேல் தட்டிலிருந்து அந்த அலுமினியத் தகடு என் காலில் விழுந்தது. கட்டைவிரலில் ரத்தம். உங்கள் ஒட்டு மட்டும் அசையவில்லை.

பெங்களூரில் விமானம் டிசைன் செய்யும் வேலையில் இருந்தபோது, ஆபீசில் கழித்துப்போட்ட இறக்கைத் தகடு ஒன்றை உங்களுக்குக் காட்டக் கொண்டுவந்தேன். அதில் வரிசையாக மூன்று வட்ட ஓட்டைகள். மறுநாள் பார்த்தால் நடு ஓட்டையை ஒரு சதுரத் துண்டு வைத்து ரிவெட் ஆணி அடித்து மூடியிருந்தீர்கள். ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் அரித்த தகடுகளை அடைத்தே பழகிய ஃபிட்டர் நீங்கள். ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"ஓட்டையோட வூட்டுக்குக் கொண்டாந்திருக்க. அடைச்சுட்டேன்."

"அது டிசைன்ப்பா. எடை குறையறதுக்கு நாங்களே போடுற ஓட்டை."

"ஓட்டை போடத்தான் சம்பளமா? அப்ப இத்தன வருஷமா நான் டிசைனைத்தான் அடைச்சுட்டிருந்தேனா?"

நான் சிரிக்கவில்லை. கத்தினேன்.

பிறகு ஒரு இன்டர்வியூவில் அரியலூர்ப் பையன் ஒருவன் வந்தான். நாலு வருஷம் விமானப் பொறியியல் படித்தவன், ரிவெட்டைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தான். அவனைக் கழித்தது நான்தான். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பெரம்பலூர் கல்லூரியில் பாடம் நடத்தச் சேர்ந்தேன்.

நீங்கள் திட்டவில்லை. டீக்கடையில் யார் கேட்டாலும், "லீவுல வந்திருக்கான்" என்றீர்கள். ஒன்றரை வருஷம், நீங்கள் கண்ணை மூடும்வரை, நான் லீவில்தான் இருந்தேன்.

போன வாரம் பழைய ஆபீசிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். சித்தப்பா, "லீவு முடிஞ்சுதாடா?" என்றார். வரமாட்டேன் என்று அன்றைக்கே மெயில் போட்டுவிட்டேன்.

இன்று தகட்டை வகுப்புக்குக் கொண்டுபோய், இதில் என்ன தப்பு என்று கேட்டேன். மீன்சுருட்டியிலிருந்து வரும் பெண் ஒருத்தி ஒட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அடைச்சதே தப்பு சார், வெயிட் ஏறிடும். ஆனா அடைச்சவரு வெவரமான ஆளு. மூலையெல்லாம் உருட்டி விட்டிருக்காரு பாருங்க. கூரா விட்டிருந்தா விரிசல் அங்கதான் கெளம்பும். யாரு சார் அவரு?"

இப்படிப்பட்ட மூலைகளுக்காக ஆபீசில் நாங்கள் கம்ப்யூட்டர் முன்னால் வாரக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். வீட்டில் அதை நான் பார்க்கவே இல்லை.

"எங்கப்பா" என்றேன்.

ஒட்டைப் பிரிக்கப்போவதில்லை. தகடு இனி வகுப்பில்தான் இருக்கும். டீக்கடையில் கேட்பவர்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நான் லீவில் இல்லை, அப்பா. வேலையில் இருக்கிறேன்.