அந்தச் சமாச்சாரம்

பொன்னேரி
1974, வெள்ளிக்கிழமை

அன்புள்ள என் கணவருக்கு,

"இளவட்ட டாக்டர்களைக் கூட்டிவைத்து அந்தச் சமாச்சாரத்தையா பேசுவது? வாயாடித்தனத்தை விட்டுவிட்டு உடனே புறப்பட்டு வா" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சமாச்சாரத்துக்குப் பெயர் மூத்திரம். நான் வரப்போவதில்லை.

எந்த ஊரில் எத்தனை பெண்களுக்குச் சிறுநீர்க் கோளாறு இருக்கிறது என்று கண்டறிய இந்தப் பயிற்சி டாக்டர்களுக்குக் கற்றுத்தருகிறேன். எளாவூரில் வீடு வீடாகப் போய், "சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் உண்டா?" என்று கேட்டுவிட்டு, நோயே இல்லை என்று சந்தோஷமாகத் திரும்பினார்கள். மறுநாள் நானே போனேன். நடவு வேலை செய்யும் பச்சையம்மாவிடம், "ஒண்ணுக்குப் போறப்போ சூடு புடிச்சிக்குதா?" என்றேன்.

"அது இல்லாத பொம்பள யாரும்மா? இருட்டுற வரிக்கும் ஒதுங்க எடமில்லன்னு தண்ணியே குடிக்காம வேலை செஞ்சிகினு இருக்கோம். சூட்டப் போயி நோவுன்னு சொல்லுவாங்களா?"

எல்லா வீட்டுக்கும் திரும்பப் போய், ‘ஒண்ணுக்கு’, ‘சூடு’ என்றே கேட்டுவரச் சொன்னேன். "அந்த வார்த்தைய எப்படி மேடம் பொம்பளைங்ககிட்ட கேக்கறது?" என்று பயிற்சி டாக்டர் ஜெயராஜ் நெளிந்தான். கூச்சம் தெளியும்வரை அவனை மரத்தடியில் நிறுத்தி உரக்கச் சொல்லவைத்தேன். அதைப் பார்த்த யாரோதான் உங்களிடம் வத்தி வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

நான் அந்த வீட்டுக்கு வருமுன்பே காலமாகிவிட்ட உங்கள் அம்மாவும் சூடு, சூடு என்றுதான் சொன்னார்களாம். தினமும் இளநீர் வெட்டிக் கொடுத்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தது கடைசியில்தான் தெரிந்ததாம்.

அவர்களிடம் அந்தச் சமாச்சாரத்தைக் கேட்க அன்றைக்கு ஒரு வாயாடி இல்லை.

இப்படிக்கு,
இன்றைக்கு இருக்கிற வாயாடி