விளாவிய தண்ணீர்

நவம்பர் 8, 1943. திங்கள்.

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. சோப்பு தீர்ந்தது, இனி சாம்பல்தான்.

மேலே ஜப்பான்காரன் கூடாரம், கக்கூஸ் ஓடைக்கரையிலேயே. கீழே ரப்பர் தோட்டக் கூலிகளின் லயத்தில் அதே ஓடைத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். சீதபேதி. தோட்டத்து ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது. பிளீச்சிங் பவுடர் ஒரு சிட்டிகை கிடையாது.

செல்லம்மா சமையலுக்கு வரவில்லை. மகள் தங்கத்துக்கு வயிற்றால் போகிறதாம்.

லயத்தில் வீடு வீடாகச் சொன்னேன்: கொதிக்காத தண்ணீர் வாயில் படக்கூடாது. திரும்புகையில் முதுகுக்குப் பின்னால் கங்காணி: "தொர ஓடிட்டாரு, தொரசாணிய மட்டும் விட்டுட்டாரு லா!" சிரிப்பு. ஓடியது வெள்ளைக்காரத் துரை; தொரசாணி என்று கேலி என்னைத்தான். குடையை நிமிர்த்திப் பிடித்து நடந்தேன்.

நவ. 10. புதன்.

மரவள்ளி, உப்பில்லாமல். இருக்கிற உப்பு தங்கத்துக்கு.

என் வீட்டுக்காரரும் இதே நோயில்தான் போனார், போன மழைக்காலத்தில். தோட்டம் முழுக்க மருந்து கொடுத்த டிரஸ்ஸர். இந்த வீட்டில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை அடுப்பருகே நானே நிற்பேன். பிறகு எப்படி வந்தது?

மதியம் கண் அசந்தபோது, அவர் படுத்திருந்த உள்ளறையில் டம்ளர் வைக்கும் சத்தம். போய்ப் பார்த்தேன். யாருமில்லை.

நவ. 12. வெள்ளி.

லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். தங்கத்தின் கண்கள் குழிக்குள். செல்லம்மா சத்தியம் செய்தாள்: "நீங்க சொன்னாப்பல கொதிக்க வச்சுத்தாம்மா குடுக்கறேன்." உண்மைதான். பானையில் ஆவி.

டம்ளரில் பாதி ஊற்றினாள். மீதிக்கு, குடத்திலிருந்து பச்சைத் தண்ணீர்.

கையைப் பிடித்தேன். "என்னடி செய்யறே?"

"விளாவறேம்மா. சுடச்சுடக் குடிச்சா புள்ளைக்கு வாய் வெந்துடாதா?"

கொட்டச் சொன்னேன். தட்டுப்போட்டு மூடி, தானாக ஆறவேண்டும் என்றேன்.

"ஐயாவுக்கும் தெனம் பதமா விளாவித்தாம்மா குடுப்பேன். அவருக்குச் சூடு ஆகாதே. நீங்கதான் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பீங்க."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ஜெபமாலை பாதியில் நின்றது.

நவ. 14. ஞாயிறு.

வெயில். ஆறிய தண்ணீர், துளி உப்பு, கரண்டி கரண்டியாக. இன்று தங்கம் கஞ்சி கேட்டாள்.

செல்லம்மா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஐயா இருந்தா எம்மாஞ் சந்தோசப்படுவாரு."

வாய் வரை வந்தது. விழுங்கினேன். அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

வீட்டில் எனக்கு ஊற்றிக்கொண்டேன். ஆவி பறந்தது. குடிக்க முடியவில்லை. மூடி வைத்தேன்.

உள்ளறையில் மறுபடி அந்த டம்ளர் சத்தம். எழுந்து பார்க்கவில்லை. "இன்னும் ஆறலைங்க" என்றேன்.