காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது

அன்பு மகன் தனேஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அங்கே சபா மாநிலத்தில் டாக்டருக்குப் படிக்கிற நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நோயில்லாமல் இருக்கவேண்டும் என்று தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ நடுவில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய், நானும் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அப்பாவின் முட்டி வலி குறையவில்லை, லோரி ஓட்டுவதை விடச் சொன்னால் காதில் வாங்குவதில்லை. நாலு நாளாக மழை, பிளாட்டுக்குக் கீழே கணுக்கால் அளவு தண்ணீர், தங்கச்சி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் டியூஷனுக்குப் போய் வருகிறாள்.

போன வாரம் நீ ஒன்று சொன்னாய். சனிக்கிழமை உங்களுக்குக் குடும்ப வன்முறை பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள், நீ போகவில்லை, கூட்டாளி உனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று. “பரீட்சையில வராதும்மா, அது வெல்ஃபேர் ஆளுங்க வேலை லா” என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்குக் காலையில்தான் போலீஸ்காரர் எங்கள் கிளினிக்குக்கு வந்து ஒரு பெண்ணின் நோயாளிக் கார்டைக் கேட்டு வாங்கிப் போயிருந்தார், அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன், முழுக்கப் படி.

அந்தப் பெண்ணின் பெயர் சாந்தினி. உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவள், கல்யாணம் ஆனதும் புருஷன் வேலையை விடச் சொல்லிவிட்டான். அவன் பெயர் குகன், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அந்தத் தொழிற்சாலைக்கு எங்களுடையது பேனல் கிளினிக், பில்லைக் கம்பெனியே கட்டும். தொழிலாளியின் பெண்டாட்டியும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அவன் கம்பெனிக் கார்டைக் கொண்டுவந்து அவனே கையெழுத்துப் போடவேண்டும். அதனால் ஒவ்வொரு தடவையும் அவளோடு அவன்தான் வருவான். கவுண்டரில் என்ன ஏது என்று நான் கேட்டால் அவன்தான் பதில் சொல்வான். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாக்கா, சொன்னா கேக்கறதில்ல, அவசரக் குடுக்கை” என்பான். அவள் நோயாளிக் கார்டில் காரணம் என்ற கட்டத்தில் நான் அதையே எழுதுவேன். அவன் டாக்டர் அறைக்குள்ளும் கூடவே போவான். டாக்டர் கெட்டவர் இல்லை, வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், கார்டைப் பார்த்துவிட்டு மறுபடி விழுந்தாயா என்று கேட்பார், அவள் தலையாட்டுவாள், வலி மாத்திரை எழுதுவார். ஒன்பது மாதத்தில் ஐந்து தடவை. மேல்கையின் உட்பக்கம் கன்றிப்போயிருந்ததை நானே பார்த்தேன். விழுகிறவளுக்கு அந்த இடத்தில் எப்படி அடிபடும்? மருந்து எடுத்துக்கொடுக்கும் ரொஸ்னா ஒரு நாள், “அக்கா, அந்த வீட்டு பாத்ரூம்ல மட்டும் எண்ணெய் ஊத்தி வச்சிருக்காங்களா” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். தெரிந்துதான் சிரித்தோம் தனேஷ். தெரியாமல் நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே, கவுண்டரில் இருபது வருஷம் உட்கார்ந்தவளுக்கு இதெல்லாம் தெரியும்.

ஆறாவது தடவை அவள் தனியாக வந்தாள். காலை பத்து மணி இருக்கும், துண்டை வைத்து ஒரு காதை அழுத்திக்கொண்டிருந்தாள், துண்டில் ரத்தம். டாக்டரை மட்டும் பார்க்கவேண்டும் என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி கம்பெனிக் கார்டு எங்கே என்பதுதான். கார்டு அவரிடம் இருக்கிறது, கையில் காசும் இல்லை என்றாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, எங்களிடம் இருந்த அவளுடைய நோயாளிக் கார்டில் நம்பரைப் பார்த்து குகனுக்குப் போன் செய்தேன். உங்கள் வீட்டுக்காரி வந்திருக்கிறாள், கார்டைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். எங்கள் வழக்கம் அது, யார் கார்டு இல்லாமல் வந்தாலும் வீட்டு ஆளுக்குப் போன் செய்வோம், உதவி என்று நினைத்துத்தான் செய்வோம். போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். “ஏன்கா கூப்பிட்டீங்க” என்று மட்டும் கேட்டாள். எழுந்து வாசல் வரைக்கும் போனாள், வெளியே மழை, எங்கே போவது என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரத்தில் அவன் வந்தான், எனக்குத் தேங்க்ஸ் சொன்னான், டாக்டரைக்கூடப் பார்க்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அன்றைக்குக் கார்டில் நான் எதையும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு பதினொன்றாம் நாள் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மண்ணீரல் கிழிந்து அறுவை சிகிச்சை, ஒரு காது போய்விட்டது, தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. அவளுக்கு அடிக்கடி மயக்கம் வரும், விழுவாள், கிளினிக்கில் பதிவு இருக்கிறது, பாருங்கள் என்று அவன் போலீஸில் சொல்லியிருக்கிறான். அவனுக்குச் சாட்சியாக நிற்பது என் கையெழுத்து, ஐந்து இடத்தில். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சொன்னதை எழுதினேன்னு மட்டும் சொல்லுங்க லெட்சுமி, அதுக்கு மேல வேண்டாம், பேனல் போயிடும்” என்றார். அப்பாவும் நமக்கு எதற்கு வம்பு, பையன் படிப்பு முடியட்டும் என்கிறார். எல்லாரும் நல்லவர்கள்தான், யாருக்கும் நேரம் இல்லை, அவ்வளவுதான். தெருவில் ஒருத்தனை அடித்தால் கேஸ், வீட்டுக்குள் அடித்தால் பாத்ரூம். இதற்கு நாமெல்லாம் உடந்தை.

நீ நாளைக்கு டாக்டராக உட்காரும்போது வெளியே முப்பது பேர் இருப்பார்கள், உன் கவுண்டரிலும் என்னைப்போல் ஒருத்தி எதையாவது எழுதித்தான் அனுப்புவாள். அதை நம்பாதே. கூட வந்தவனை வெளியே அனுப்பு, எக்ஸ்ரேவுக்கு என்று சொல்லி அனுப்பு, ஊசி போடவேண்டும் என்று சொல்லி அனுப்பு, அவன் முறைத்தால் முறைக்கட்டும். கதவு சாத்திய பிறகு யார் அடித்தது என்று நேராகக் கேள். முதல் தடவை சொல்லமாட்டாள், அடுத்த தடவையும் கேள். என்ன பார்த்தாயோ அதை எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக என்று எழுதிவை, அவள் வாயைத் திறக்க முடியாத நாளில் உன் எழுத்துத்தான் அவளுக்காகப் பேசும். இது வெல்ஃபேர் ஆட்கள் வேலை இல்லை, அவர்களிடம் அவள் போவதற்கு முன்னால் உன்னிடம்தான் வருவாள். போகாத வகுப்புக்குப் போனதாகக் கூட்டாளியைக் கையெழுத்துப் போட விட்டாயே, அதைப் போய் உன் வாத்தியாரிடம் ஒப்புக்கொண்டு, மறுபடி எப்போது நடத்துகிறார்களோ அன்றைக்குப் போய் உட்கார். என்னைப் பெற்றவளாக மதித்தால் இதைச் செய்.

திங்கட்கிழமை காலை என்னைப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறேன். ஐந்து தடவையும் பேசியது அவன்தான், அவள் இல்லை என்று சொல்லப்போகிறேன். நான் போன் செய்தது டாக்டருக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது, போலீஸும் கேட்கப்போவதில்லை, எந்தக் கார்டிலும் அது இல்லை. அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும், உன் படிப்பை எப்படியாவது பார்த்துக்கொள்வோம். என்னைத் தடுக்கப் போன் செய்யாதே.

நெத்திலி போட்டு வதக்கிய இக்கான் பிலிஸ் சம்பல் ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறேன், ஐஸ் பெட்டியில் வை, ஈரக் கரண்டி போடாதே. முருகன் உனக்கு நல்ல கையையும், கேட்கிற காதையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா,
லெட்சுமி
ஜார்ஜ்டவுன், பினாங்கு