தேனுக்கு ஒளிர்ந்த குப்பி

இன்று காலை இருமலுக்கு இஞ்சிச் சாற்றில் கலக்கலாமென்று தேன் பாட்டிலைத் திறந்தேன். வாசனை மூக்கில் ஏறியதுமே உனக்குத் தெரியாமல் நான் செய்த திருட்டுத்தனம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. போன பிறகும் என்னை விடமாட்டேன் என்கிறாய்.

வகுப்புகள் முடிந்ததும் கல்லூரி ஆய்வகத்தில் நாம் இரண்டு வாத்தியாரம்மாக்கள் மட்டும் இருப்போம். சர்க்கரை சேர்ந்தால் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிர வேண்டிய ஒரு போரான் சேர்மத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது வேடிக்கை. உனக்கு அப்படியில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் விரலில் ஊசி குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தவள் நீ. "ரத்தம் எதுக்குப்பா? கண்ணுத் தண்ணிலயும் சர்க்கர இருக்குதே, ஒரு சொட்டு போதாதா?" என்பாய்.

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையான குளுக்கோஸைக் கலந்தோம். ஏதோ மங்கலாகத் தெரிந்தது. தெரிந்ததா இல்லையா என்று நமக்குள் சண்டை வேறு. நீ சீனி, வெல்லம், கோயில் பானகம் எல்லாம் கொண்டுவந்தாய். குப்பி இருண்டே கிடந்தது. தேனை மட்டும் நீ கொண்டுவரவே இல்லை. திருப்பருத்திக்குன்றத்தில் உங்கள் சமண வீட்டுக்குள் தேன் நுழையாது. எடுக்கும்போது உயிர் சாகிறதே.

நீ விடுப்பெடுத்த ஒரு மதியம், தண்ணீரில் கரைத்த தேனை ஒரு சொட்டு விட்டேன். குப்பி பளிச்சென்று நீலமாயிற்று.

இரண்டு நாள் உன் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். மூன்றாம் நாள் சொன்னேன். திட்டுவாய் என்று நினைத்தால், நீ குப்பியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாய். "தேன்ல இன்னாபா இருக்குது, என் வெல்லத்துல இல்லாதது?"

ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. வெல்லத்தில் அது பெரும்பாலும் குளுக்கோஸோடு கட்டுண்டு கிடக்கும், தேனில் தனியாக இருக்கும். நம் மூலக்கூறுக்குக் குளுக்கோஸைவிட அதன்மேல்தான் ஆசை. மறுநாள் திராட்சைச் சாறு கொண்டுவந்தாய், அதற்கும் ஒளிர்ந்தது. "என்னக் கேட்டிருந்தா இதையே குடுத்திருப்பேனே. திராட்சைக்கு எந்தத் தேனீ சாவுது?" என்றாய். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போதே கரும்பலகையில் வரைய ஆரம்பித்தாய். "பட்டுப் புடவைய மடிக்க ரெண்டு பேர் வேணும்ல? நம்ம மூலக்கூறு ஒரு பக்கந்தான் புடிச்சிக்கினு இருக்குது. குளுக்கோஸ ரெண்டு பக்கமும் புடிக்கிற மாதிரி இன்னொரு போரான வெப்போம்பா."

அதைச் செய்து முடிப்பதற்குள் உன் சிறுநீரகங்கள் பழுதாகி நீ போய்விட்டாய். எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் அந்த இரண்டு போரான் மூலக்கூறு உருவாகிவிட்டது. பழச்சர்க்கரைக்கு மங்கிக் கிடந்தது, குளுக்கோஸுக்கு ஒளிர்ந்தது. சொல்லலாமென்று திரும்பினால் உன் காலி நாற்காலி. அழுதுவிட்டேன். அழுத கையோடு ஒரு சொட்டுக் கண்ணீரையும் குப்பியில் பிடித்தேன். ஒளிரவில்லை.

ஏன் என்று யோசித்தபடி வீட்டுக்கு வரும்போது உன் குரலே பதில் சொன்னது: "அழுது எடுத்தா தண்ணி ஜாஸ்தியா, சர்க்கர கம்மியா இருக்கும்பா. சும்மா இருக்கும்போது எடுத்துப் பாரு."

தேன் பாட்டிலை மூடிவிட்டேன். ஆய்வகத்துக்குக் கிளம்புகிறேன். கண்ணோரத்து ஈரத்தை எடுக்க மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று கைப்பையில் இருக்கிறது. இன்றைக்கு உன்னை நினைத்து அழமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.