கருப்பனுக்கு அப்பா முகம்

ஆண்டிமடம்,
ஆவணி 3

அன்புள்ள மாமாவுக்கு, அனுசுயா எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களாவது அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பிள்ளை பேச்சை எடுத்தாலே டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே. அதனால்தான் லீவு முடிந்து துபாய் திரும்பும் ராஜராஜன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முந்திரி இந்த வருடம் சுமார்தான். உங்கள் அப்பாவுக்கு மூட்டுவலி தேவலாம்.

நம் மணிமொழிக்குப் போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் மறுபடி வலிப்பு வந்துவிட்டது. பெஞ்சில் இடித்து நெற்றியில் தையல். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது, உயிருக்கே ஆபத்து என்று பெரம்பலூர் டாக்டர் என்னைத்தான் திட்டினார். தினமும் கையில் கொடுத்தவள் நான். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாத்திரையெல்லாம் அவள் தலையணை உறைக்குள் கிடக்கிறது. ஆத்திரத்தில் ஓர் அடி வைத்துவிட்டேன். பத்து வயதுப் பிள்ளை, அழாமல் சொல்கிறாள்: "சாமி குடுத்த நோவும்மா. மாத்திர தின்னா அதுக்கு இன்னும் கோவம் வந்துரும்."

இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்காதீர்கள். உங்கள் விசாவுக்காகக் கருப்பனுக்கு நேர்ந்துவிட்ட கிடாயை, வெட்டப் பொறுக்காமல் அவள் அவிழ்த்துவிட்டாள். அது ரோட்டுக்கு ஓடிச் சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தது. அன்றைக்கு நீங்கள், "கருப்பன் ஒன்ன சும்மா வுட மாட்டான், இனிமே எங்கிட்ட பேசாத" என்றீர்கள். அடுத்த மாதமே முதல் வலிப்பு. நான் பதறிப்போய்ச் சொன்னதற்கு, எல்லாம் அந்தக் கிடா தோஷம் என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவளும் கேட்டாள்.

நேற்று கோயிலுக்குப் பூக்கேட்கக் கூட்டிப்போனேன். பூசாரி செல்லமுத்து கருப்பன் தலையில் பூ வைத்தார். வலப்பக்கம் விழுந்தால் கோபமில்லை, இடப்பக்கம் என்றால் குற்றம் உண்டு. உங்கள் அப்பா பெரிய அதிகாரி முன்னால் நிற்பதுபோல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுங்கி நின்றார். நான் கருப்பனிடம் சண்டையே போட்டேன். சின்னப் பிள்ளையிடமா உன் வீரம், கறிதான் உனக்குப் பெரிதா என்று. எனக்கு அவன் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி, திட்டினால் வாங்கிக்கொள்வான். பூ வலப்பக்கம் விழுந்தது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

மணிமொழி நம்பவில்லை. "கோவம் போவலம்மா. போயிருந்தா அப்பா பேசியிருக்கும்ல" என்றாள். சாமி எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். அரிவாளும் குதிரையும் சொல்வாள் என்று பார்த்தால், "வீடியோல அப்பா மூஞ்சியத் திருப்பிக்குமே, அப்புடி" என்கிறாள். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், மாமா.

நீங்கள் கெட்டவர் இல்லை. நேர்த்திக்கடன் கெட்டதில் வேலை போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு. அது கோபமாக வருகிறது. எனக்குப் புரிகிறது, பிள்ளைக்கு எப்படிப் புரியும்? தயிர்சோற்றில் மாத்திரையைப் பொடித்துக் கலந்தாலும் கண்டுபிடித்துத் துப்பிவிடுகிறாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டார், நீங்கள்தான் பாக்கி. வேறு கிடா வாங்கலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். கடிதம் கண்டதும் கூப்பிடுங்கள். என்னைக் கேட்க வேண்டாம், அவளைக் கேளுங்கள். அவள் பேசாமல் நின்றாலும் வைத்துவிடாதீர்கள். மாத்திரை போட்டாயா என்று கேளுங்கள், முகத்தைத் திருப்பாமல்.

கருப்பன் உங்களைக் காப்பாற்றுவான். பிள்ளையைக் காப்பாற்ற நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அனுசுயா