ரிப்பனுக்கு முன்னால்

எர்மெக்கின் அப்பாவுக்கு,

சட்டியில் ஆட்டுக்கறிச் சூப் இருக்கிறது, சூடாக்கிக் குடியுங்கள். நான் எர்மெக்கின் சைக்கிளோடு மலையேறிவிட்டேன்.

“ஐம்பது வயசுல மலைச் சைக்கிளா? குழுத் தலைவர் பொண்டாட்டின்னு ஊரே சிரிக்கும்டி” என்றீர்களே நேற்று, சிரிக்கட்டும். இன்று நீங்கள் ரிப்பன் வெட்டித் திறக்கப்போகும் சைக்கிள் தடம், இருபது கோடைக்காலம் நான் குதிரைப்பால் சுமந்து இறங்கிய வழி. உங்கள் ஊர்க் குழு நட்டது பெயர்ப்பலகை மட்டும்.

அதுசரி, மேய்ச்சல் முடிந்து மந்தைகள் இறங்கும் நாளிலா விழா வைப்பார்கள்? பத்து மணிக்கு ஆயிரம் ஆடுகள் அந்த வழியாகத்தான் வரும். அதற்குள் நான் இறங்கிவிடுவேன்.

பெர்மெத்

பி.கு.: தலைக்கவசம் போட்டிருக்கிறேன். தடம் முடியும் நாரின் ஆற்றுப் பாலத்தில் வந்து நில்லுங்கள். கைதட்டினால் போதும், சொற்பொழிவு வேண்டாம்.